மண்ணில் வைக்கச் சொன்னாய்

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

என் பூச்சிக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே சுகம் என்று எழுத வரவில்லை. நீ சுகமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. அதனால் அந்த ரெண்டு வரியை விட்டுவிட்டேன்.

நீ எனக்கு எழுதி வைத்த நோட்டை இன்றைக்குத்தான் கையில் எடுத்தேன். கட்டிலில் சாய்ந்துகொண்டு, ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன கையால் நாலு மாசம் எழுதினாய். வலது பக்கம் உன் பாடம். இடது பக்கம் நான் எழுத வெறும் தாள். மேலே, 'இராஜாங்கம் மனைவி தங்கம்மாள் அவர்கள் படித்துவிட்டு எதிர்ப்பக்கத்தில் பதில் எழுதவும், எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்கப்படாது' என்று போட்டிருக்கிறாய். மூணாங்கிளாஸ் படித்தவளுக்கு என்று எழுத்தெல்லாம் கொட்டை கொட்டையாக எழுதியிருக்கிறாய். நீ கொடுத்த அன்றைக்கு நான் வாங்கி நெல் டிரம்முக்கு மேலே போட்டேன். நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய்.

நீ போய் ஆறாவது மாசம் நடக்கிறது. உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஞானசெல்வி நீ போன அன்றைக்கு அங்கேயே என் காலைப் பிடித்துக்கொண்டு, 'எழிலு தன்னை மண்ணுலதான் வைக்கணும்னு சொல்லியிருக்கா அம்மா, ஏன்னு உங்களுக்கு நோட்டுல எழுதியிருக்கா' என்றாள். நான் கேட்கவில்லை. உன்னைச் சுட்டுவிட்டோம். அந்த 'ஏன்' என்னவென்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குத்தான் நோட்டை எடுத்தேன். உன் சாமியைக் கும்பிட எடுக்கவில்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய்விடலாம் என்றுதான் கை போனது. முதல் தாளிலேயே, 'கள்ளத்தனமா கடைசிக்குப் போகாதே, வரிசையா வா' என்று எழுதி வைத்திருக்கிறாய். உயிரோடு இருந்தபோது நீ சொன்னது ஒன்றையும் நான் கேட்கவில்லை. இதையாவது கேட்கிறேன்.

ஒன்றாம் பாடம் படித்தேன். வேதப் புத்தகம் ஒரு புத்தகம் இல்லையாம். ஒரே கட்டாகக் கட்டிய அறுபத்தாறு புத்தகமாம். ஆடு மேய்த்தவன், மீன் பிடித்தவன், ராஜா, ஜெயிலில் கிடந்தவன் என்று பலபேர் எழுதியதாம். பெயர்கள் வாயில் நுழையாது, நுழையாத பெயரை விட்டுவிட்டுப் போ என்கிறாய். நல்லதாகப் போயிற்று. நான் என் வாய்க்கு வந்த பெயரை வைத்துக்கொள்கிறேன்.

முதலில் வெளிச்சம், தண்ணீர், செடி, கொடி, மிருகம் எல்லாம் உண்டாக்கி, நல்லா இருக்கு நல்லா இருக்கு என்று ஒவ்வொன்றையும் பார்த்துச் சொன்னாராம். மனுஷனை மண்ணில் பிசைந்தாராம். அந்த ஆணும் பெண்ணும் வேண்டாம் என்று சொன்னதைச் செய்துவிட்டு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்களாம். சாயங்காலக் காற்றில் அவர் நடந்து வந்து, எங்கே இருக்கிறாய் என்று கூப்பிட்டாராம். நீ அதற்குக் கீழே கோடு போட்டு, 'அம்மா, இந்த அறுபத்தாறும் சேர்ந்து ஒரே கதைதான். தொலைஞ்சுபோன பிள்ளையை அப்பா தேடிக்கிட்டே வர்றார், அவ்வளவுதான்' என்று எழுதியிருக்கிறாய்.

நான் என்ன பதில் எழுதுவது? தேடுகிறவர் உன்னைத் தேடிக்கொண்டு ஆஸ்பத்திரி மூணாவது மாடி வரைக்கும் வந்திருக்கலாம். லிப்டு இருந்தது.

ஊர்ச் சங்கதி ஒன்றுதான். தண்ணீர் வந்துவிட்டது. நீ போன மாசியில் ஆற்றில் ஒரு சொட்டு இல்லை. மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறிவந்த அந்தக் கொஞ்சம் தண்ணீரில்தான் உன் சாம்பலைக் கரைத்தார்கள். இப்போது குடமுருட்டி இரு கரையும் தொட்டுப் போகிறது. பெருக்குக்குப் போகலாம் வா என்று எதிர்வீட்டு அகிலாண்டம் கூப்பிட்டாள். போகவில்லை. அந்த மணலில் ஏதாவது மிச்சம் இருந்திருந்தால் அதையும் வாரிக்கொண்டு போயிருக்கும்.

இப்படிக்கு,
நோட்டைத் திறந்த உன் அம்மா


ஆவணி, ஞாயிறு

என் பூச்சிக்கு,

அப்பா முழங்கால் வலியோடுதான் வயலுக்குப் போகிறார். நடவு முடிந்துவிட்டது. ராத்திரிச் சோற்றை எனக்குப் பாதி ஒதுக்கிவைக்கிறார், நான் அவருக்கு ஒதுக்கிவைக்கிறேன், காலையில் ரெண்டையும் கோழிக்குப் போடுகிறோம்.

ரெண்டு, மூணு, நாலு பாடம் முடித்தேன். எழுத்துக்கூட்டிப் படிப்பதால் ஒரு பக்கத்துக்கு மூணு நாள் ஆகிறது. கப்பல் கட்டிய தாத்தா கதை சுலபமாகப் புரிந்தது. கொள்ளிடம் உடைத்துக்கொண்ட வருஷத்தைப் பார்த்தவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளையில்லாத கிழவனைக் கூட்டிப்போய் வானத்தைக் காட்டி, இத்தனை பிள்ளை உனக்கு என்று வாக்குக் கொடுத்ததும் புரிந்தது. நம்புகிற மாதிரியா இருந்தது அது? ஆனாலும் அவன் நம்பினான் பார் என்கிறாய்.

அடிமைகள் பாடத்தைச் சத்தமாகப் படித்தேன். அப்பா வெளியே உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். செங்கல் அறுக்க வைக்கோல் தரமாட்டோம், ஆனால் கல் எண்ணிக்கை குறையக்கூடாது என்று அந்த நாட்டு ராஜா சொன்ன இடம் வந்ததும், 'அங்கயும் நம்ம பண்ணையாரு இருந்திருக்காரு போல' என்றார். நீ போனபிறகு அவர் வாயில் வந்த முதல் கேலி அது. உன் தாத்தா சாணிப்பால் குடித்து, சவுக்கடி பட்ட கதையை நீ அந்தப் பாடத்திலேயே எழுதி வைத்திருக்கிறாய். அடிமை அழுத சத்தம் கேட்டு இறங்கிவந்த சாமி என்பதால்தான் உனக்குப் பிடித்துப்போயிற்று என்று எழுதியிருக்கிறாய். அப்பா அதை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

எனக்குத்தான் அது பிடிக்காமல் போயிற்று, ஞாபகம் இருக்கிறதா? தஞ்சாவூரில் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பொட்டில்லாமல் வந்து நின்றாய். எவன் செத்தான் என்று நெற்றியை மூளியாக வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். 'பொட்டு பாக்கெட்டு தீர்ந்துபோச்சும்மா' என்று சிரித்தாய். சாதி சர்டிபிகேட் போய்விடும், சர்க்கார் நர்ஸ் வேலை போய்விடும், ஊரில் நாக்கில் பல் போட்டுப் பேசுவார்கள் என்று கத்தினேன். அதெல்லாம் வாயில் வந்தது. நெஞ்சில் இருந்தது வேறு. இவளுக்கு நான் போதாமல் போய்விட்டேன் என்றுதான் எனக்கு வெறி. ரெண்டு மாசம் உன்னோடு பேசவில்லை.

அப்புறம் ரத்தத்தில் நோய் என்றார்கள். சாமியை மாற்றினாள், அதுதான் பிடித்துக்கொண்டது என்று நீ கேட்கும்படி சொன்னேன். 'அப்ப பக்கத்து பெட்டு தாத்தா எந்தச் சாமியை மாத்துனாரு, அவர் இன்னும் விபூதி பூசிக்கிட்டுத்தானே படுத்திருக்காரு' என்று கேட்டாய். அந்தத் தாத்தாவே சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

இப்படிக்கு,
தங்கம்மாள்


புரட்டாசி, வியாழன்

என் பூச்சிக்கு,

இந்தப் பாடத்தை நீ எழுதாமலே இருந்திருக்கலாம்.

நல்ல மனுஷன் ஒருவன். ஆடு, ஒட்டகம், மாடு எல்லாம் ஒரே நாளில் போகிறது. பத்துப் பிள்ளைகளும் ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது காற்று அடித்து வீடு விழுந்து செத்துப்போகிறார்கள். அவன் குப்பையில் உட்கார்ந்து ஓட்டுச் சில்லால் உடம்பைச் சுரண்டுகிறான். பார்க்க வந்தவர்கள் நீ ஏதோ தப்புச் செய்திருப்பாய் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நான் உன்னிடம் பேசிய பேச்சை அவர்கள் அப்படியே பேசுகிறார்கள்.

கடைசியில் அவனுக்கு எல்லாம் திரும்பக் கிடைக்கிறதாம். வேறு பத்துப் பிள்ளை பிறந்ததாம். நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டேன். பத்தைப் பிடுங்கிக்கொண்டு வேறே பத்தைக் கொடுத்தால் சரியாகப் போயிற்றா? பெற்றவள் ஒருத்தி அந்த வீட்டில் இருந்தாளே, அவளை யார் கேட்டார்கள்?

ரெண்டு நாள் கழித்து எடுத்துத் தூசி தட்டினேன். அடுத்த பக்கத்தில், 'அம்மா, இந்த இடத்துல நீ நோட்டை எறிஞ்சிருப்ப. எறி. கோபப்பட இடம் கொடுக்கிற புத்தகம்தான் இது' என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே ஒன்று காட்டியிருக்கிறாய். ஆடும் மாடும் ஒட்டகமும் முன்னே இருந்ததைவிட ரெண்டு மடங்கு கொடுத்தார். பிள்ளை மட்டும் அதே பத்து. ஏன் இருபது இல்லை? முதல் பத்தும் தொலைந்துபோகவில்லை, அவரிடம் இருக்கிறார்கள், அதனால் பத்துக் கொடுத்தாலே இருபதுதான் என்று உங்கள் பாதிரி ஐயர் சொல்லிக்கொடுத்ததாக எழுதியிருக்கிறாய். நெஞ்சு கொஞ்சம் லேசானது. அன்றைக்கு ஒருவேளை முழுச்சோறு சாப்பிட்டேன்.

மறுநாள் களை எடுக்கும்போது நினைப்பு வந்தது. அந்தப் பத்துப் பிள்ளைகள் மேலே வீடுதான் விழுந்தது. அவர்கள் மண்ணுக்குள் இருந்தார்கள். யாரும் அவர்களைச் சுடவில்லை.

பூச்சி, அன்றைக்கு நடந்ததை நான் சொல்லிவிட வேண்டும். நீ துணிக்குள் சுற்றிக் கிடந்தாய், உனக்குத் தெரியாது.

வேனில் உன்னைக் கொண்டுவந்து இறக்கும்போது மத்தியானம் ரெண்டு மணி. நம் சனத்தில் கல்யாணம் ஆகாத பிள்ளையைப் புதைப்பதுதான் வழக்கம், உனக்கே தெரியும். தெருப் பெரியவர் மருதையன் மாமா, குழி வெட்ட ஆள் அனுப்பட்டுமா என்றுதான் கேட்டார். அப்பா என்னை ஒரு பக்கமாக அழைத்து, 'பிள்ளை எங்கிட்டயும் சொல்லுச்சு தங்கம், கோயில்காரங்க கேக்குறாங்க, குடுத்துடலாம்' என்றார். புங்கமரத்தடியில் உங்கள் ஐயரும் ஞானசெல்வியும் வெள்ளைச் சேலைப் பெண்கள் நாலுபேரும் கையில் பூ வளையம் வைத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே வரவில்லை. நான் வரச் சொல்லவில்லை.

வழக்கப்படி விட்டிருந்தால்கூட நீ மண்ணுக்குப் போயிருப்பாய். ஒன்றும் செய்யாமல் நான் சும்மா இருந்திருந்தாலே போதும். ஆனால் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? குழியில் வைத்தால் நாளைக்கு இவர்கள் வந்து தலைமாட்டில் சிலுவை நடுவார்கள். வருஷா வருஷம் மெழுகுவத்தியோடு வருவார்கள். என் பிள்ளை அவர்கள் பிள்ளையாகிவிடும். சாம்பலாகிவிட்டால் யாருக்கும் எதுவும் இல்லை.

அதனால் கத்தினேன். என் பொண்ணு குழந்தையில்லை, சம்பாதித்து இந்த வீட்டுக்குத் தளம் போட்டவள், ஆம்பிளைப் பிள்ளை மாதிரி அனுப்புங்கள், நெருப்பு வையுங்கள் என்றேன். தங்கம்மாவுக்கு என்ன நெஞ்சுரம் என்று எல்லாரும் சொன்னார்கள். பெரியப்பா மகன் பகலவன் கொள்ளி வைத்தான். பொம்பளைகள் தெருமுனையோடு நின்றோம். மூங்கில் புதருக்கு மேலே புகை வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையாகவே அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

இதை அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
உன்னைக் கேட்காத அம்மா


ஐப்பசி கடைசி, செவ்வாய்

என் பூச்சிக்கு,

பத்து நாள் விடாமல் மழை. ரெண்டாம் போகமான தாளடிக்கு விட்ட நாற்று முழுக்க அழுகிவிட்டது. அப்பா மறுபடி விதை வாங்கிவந்தார். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

இயேசு பாடம் ஆறையும் முடித்தேன். மாட்டுக் கொட்டகையில் பிறந்தது, யாரும் தொடாதவர்களைத் தொட்டது, யாரும் கூட உட்காராதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டது எல்லாம் படித்தேன். இது நம் தெருப்பக்கம் வரக்கூடிய ஆள்தான் என்று அப்பா சொன்னார். தேடிவந்த அப்பா கடைசியில் தானே பிள்ளையாகி வந்துவிட்டார், அதுதான் இந்தப் புத்தகத்துக்கே நடு என்று எழுதியிருக்கிறாய். ஒரு ஊர் வாசலில், புருஷன் இல்லாதவளின் ஒரே பையனைப் பாடையில் தூக்கிவருகிறார்கள். அவர் பாடையைத் தொட்டு நிறுத்தி எழுப்பிக் கொடுக்கிறார். அந்த ஊருக்கு வழி தெரிந்தவருக்கு நம் பாபநாசத்துக்கு வழி தெரியாமல் போயிற்று.

அவரைச் சிலுவையில் அறைந்தபோது அவர் அம்மா பக்கத்திலேயே நின்றாளாம். அந்தம்மா என்ன பேசினாள் என்று ஒரு வரி இல்லை. எழுதியவர் மறந்திருக்க மாட்டார். அங்கே பேச்சு வராது. அவரைக் கல்லறையில் வைத்தார்கள். மூணாம் நாள் போய்ப் பார்த்தால் இல்லை, எழுந்துவிட்டார் என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுற்றிலும் பூப் போட்டிருக்கிறாய். பேனா மை கை பட்டு இழுபட்டிருக்கிறது. அது உனக்குக் காய்ச்சல் அதிகமான வாரமாக இருக்கும்.

அதற்கப்புறம் கடைசிப் பாடம். நீ எழுதியதை இங்கே திரும்ப எழுதுகிறேன், கை அதைத் தொட்டுப் பார்க்கட்டும் என்று.

'அம்மா, இதை உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். விதை நெல்லை மண்ணுல போடுறோம். செத்த மாதிரி கிடக்கு. மேல வர்றப்ப அதே நெல்லா வரல, பயிரா வருது. செத்தவங்க உடம்பையும் அப்படித்தான் விதைக்கிறோம்னு புத்தகம் சொல்லுது. அதனால என்னை மண்ணுல வை. புதைக்கிறேன்னு நினைக்காத, விதைக்கிறேன்னு நினைச்சு வை. அழுதுக்கிட்டே வை, தப்பில்ல.'

அவ்வளவுதான். அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு வாரம் வெறுமையாகவே கிடந்தது.

மழை விட்ட அன்றைக்கு நோட்டை ரேஷன் பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி உங்கள் செல்லதுரை ஐயரைப் பார்க்கப் போனேன். பாதிரியாரை ஐயர் என்று கூப்பிட எனக்கு இன்னும் நாக்குக் கூசுகிறது. வீட்டுக்குள் கூப்பிடாதவள் வந்து நிற்கிறாளே என்று முகம் சுளிக்கவில்லை. அவர் வீட்டம்மா டீ கொடுத்தாள். கடைசிப் பாடத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். உன்னை எங்கே தேடுவது, சுட்டது எழும்புமா என்று கேட்டேன்.

நல்லபடியாகத்தான் சொன்னார். மண்ணில் பிசைந்தவருக்குச் சாம்பல் பெரிதில்லை என்றார். அந்தக் காலத்தில் இயேசுவை நம்பியதற்காக எத்தனையோ பேரை உயிரோடு எரித்தார்கள், கடலில் போனவர்களை மீன் தின்றது, அவர்களையெல்லாம் அவர் விட்டுவிடுவாரா என்றார். எழிலு மண்ணைக் கேட்டது அவளுக்கு அந்தப் பேச்சு பிடித்ததால்தான், நெருப்புக்குப் பயந்து இல்லை அம்மா என்றார். புதிதாக வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கிறதாம், வாருங்கள் என்றார். எனக்குப் பாடம் நடந்துகொண்டுதான் இருக்கிறது என்றேன்.

பெரிய படிப்புப் படித்தவர். அவர் சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் அவர் சேற்றில் இறங்கியவர் இல்லை. என்னுடையது நாற்பது வருஷம் விதை விட்ட கை. அந்தக் கைக்குத் தெரிந்ததை அவர் பேச்சால் அழிக்க முடியவில்லை.

விதையை ஊறப்போட்டு, எடுத்துச் சாக்கில் கட்டி, வைக்கோல் மூடிக் கல் வைத்தோம். அப்பா மாட்டைப் பார்க்கப் போன நேரத்தில் நான் ஒரு பிடி விதை நெல்லை வாணலியில் போட்டு வறுத்தேன். வெடிக்கும்வரை வறுத்தேன். அதையும் ஈரத்துணியில் முடிந்து அதே சாக்குக்குள் வைத்தேன். என்ன ஆகும் என்று தெரியாமல் வைக்கவில்லை. தெரிந்துதான் வைத்தேன்.

மூணாம் நாள் பிரித்தோம். சாக்கு முழுக்க வெள்ளை வெள்ளையாக முளை. என் முடிச்சைப் பிரித்தால் கறுத்து, புளித்து நாறியது.

அப்பா பார்த்துவிட்டார். என்ன இது என்று கேட்டார். வறுத்தது என்றேன். அப்புறம் அந்தக் கருகலையும் கூடையில் கொட்டிக்கொண்டு போய், நாற்றங்காலின் வடகோடியில் ஒதுக்கித் தெளித்தார், நல்ல விதையைத் தெளிக்கிற அதே வீச்சில். உங்களுக்குப் பைத்தியமா என்று கேட்டேன். 'நீ மட்டுமா பெத்த' என்றார்.

பதினோரு நாள் ஆகிறது. மற்ற இடமெல்லாம் பச்சை கட்டிவிட்டது. வடகோடி சேறாகத்தான் கிடக்கிறது. நான் தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன். ஐயர் சொன்னதை நினைத்துக்கொண்டுதான் வீட்டிலிருந்து கிளம்புகிறேன். சேற்றைப் பார்த்ததும் அது மனசில் நிற்பதில்லை. திரும்பி வரும்போது, எனக்கு எதிரே அப்பா அதே வரப்பில் போகிறார். எங்கே என்று நானும் கேட்பதில்லை.

நீ இருக்கிற இடத்தில் உனக்கு ஊசி இருக்கக்கூடாது, வலி இருக்கக்கூடாது. வாய்ப்புண் இல்லாமல் காரமாக நாலு வாய் சோறு தின்ன வேண்டும். உன் சாமி உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். எழுப்புகிற அன்றைக்குக் கணக்குப் பார்த்து உன்னை விட்டுவிட்டால், அவரிடம் எடுத்துச் சொல். இவள் மண்ணைத்தான் கேட்டாள், நெருப்பு வைக்கச் சொன்னது இவள் அம்மா என்று சொல். என் பெயரைச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா தங்கம்மாள்

தாளில் இன்னும் ரெண்டு வரிக்கு இடம் இருக்கிறது. நீ கேட்டபடி எல்லாப் பக்கத்துக்கும் பதில் எழுதிவிட்டேன், இனி நீதான் எனக்கு எழுத வேண்டும். வெந்துபோன விதை முளைக்குமாடி?